அந்தக் கதவு வரை ‘நாங்கள்’

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 20. படித்துக்கொண்டே தன்னார்வத் தீயணைப்பு வீரனாக இருக்கிறேன். பயிற்சி முடித்து எட்டு மாதம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு வீட்டில் தீ. அழைப்பு வந்ததும் நாங்கள் கிளம்பினோம். ஹோஸை இழுத்துக்கொண்டு மாடி ஏறினோம். மாஸ்க் சரியாகப் பொருந்தாததால் கதவருகே நின்று அதன் வாரை நான் மறுபடி இழுத்துக் கட்டினேன். உள்ளே ஒரு பெரியவர் இருந்தார். நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. புகைதான் காரணம் என்றார்கள். அந்த வாரைக் கட்டாமல் உள்ளே போயிருந்தால் என்பதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் தேர்வு எழுதினேன். நன்றாகவே எழுதினேன், அதுதான் பயமாக இருக்கிறது. இப்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் கை நடுங்குகிறது. கைபேசி அதிர்ந்தால் தூக்கிவாரிப் போடுகிறது. இரவு இரண்டு மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கமில்லை. நிலையத்தில் மூத்தவர்கள் 20 வருடமாக இதைப் பார்ப்பவர்கள். ஒரே ஒரு சாவைப் பார்த்துவிட்டு அவர்களிடம் போய் என்ன சொல்வது? வீட்டில் சொன்னால் இனி போகாதே என்பார்கள். நான் இதற்கு லாயக்கில்லையா? விலகிவிடவா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

தீயணைப்பு எனக்குத் தெரியாது. வாக்கியங்கள் கொஞ்சம் தெரியும், அந்த வழியாக வருகிறேன். உங்கள் கடிதத்தில் மாடிப்படி வரை ‘நாங்கள்’. கிளம்பினோம், ஏறினோம். கதவருகே வந்ததும் அது ‘நான்’ ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு வேறு எவருமே இல்லை. எரியும் வீட்டுக்குள் தனியாக நுழையக்கூடாது என்பதுதானே உங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடங்களில் ஒன்று? உங்களோடு வந்தவர் எங்கே போனார்? ஹோஸைப் பிடித்தவர், வெளியே நின்று கட்டளையிட்டவர்? அத்தனை பேரையும் அழித்துவிட்டு உங்கள் நினைவு ஒரு வாரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த வாரைக் கட்டாமல் போயிருந்தால், உங்களைத் தூக்கிவர இன்னும் இருவர் தேவைப்பட்டிருப்பார்கள். மெத்தையும் சோபா நுரையும் எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். நெருப்பு தொடுவதற்கு முன்பே, சில நிமிடங்களில், புகை ஆளைக் கொன்றுவிடும். பல வீடுகளில் யாரும் தொலைபேசியை எடுப்பதற்குள் அந்த நிமிடங்கள் முடிந்துபோகின்றன. அந்த வீட்டில் எப்படி என்பது எனக்குத் தெரியாது. ‘உங்களால் எதுவும் செய்திருக்க முடியாது’ என்று ஆறுதலுக்காக எழுத மாட்டேன், எழுதினாலும் நீங்கள் நம்பப்போவதில்லை. அன்று பொறுப்பிலிருந்த அதிகாரியிடம் கேளுங்கள். அழைப்பு வந்த நேரம், வண்டி சேர்ந்த நேரம் எல்லாம் பதிவில் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு அந்த வாரைக் கட்ட எவ்வளவு நேரம் பிடிக்கிறது? உண்மையில் எத்தனை விநாடி பிடித்தது?

வாடைக்கு வருகிறேன். மற்றப் புலன்களின் செய்தி மூளையில் தாலமஸ் என்ற இடைநிலையத்தின் வழியாகப் போகிறது. வாசனை மட்டும் அங்கே நிற்காமல், அச்சத்தையும் நினைவையும் கையாளும் பகுதிகளை நேராகத் தொட்டுவிடுகிறது. ‘இது பிளாஸ்டிக்’ என்று நீங்கள் உணர்வதற்குள் கை நடுங்கிவிடுகிறது. இதற்கும் லாயக்குக்கும் சம்பந்தமில்லை. மறுநாள் தேர்வை நன்றாக எழுதியது கல்நெஞ்சும் அல்ல. உடல் சில நேரம் கணக்கைத் தள்ளிவைக்கும்.

முதல் சில வாரங்களில் இவை வருவது இயல்பு, பலருக்குத் தானாகவே தணியும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால்தான் மருத்துவர்கள் பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறு) என்ற பெயரை யோசிப்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980இல் ஏறிய பெயர் அது. போர்வீரர்களின் நோய் என்றே இன்னும் பலர் நினைக்கிறார்கள். அதே கையேட்டின் 2013 பதிப்பு, இப்படிப்பட்டவற்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்ளும் மீட்புப் பணியாளர்களைக் குறிப்பிட்டே சொல்கிறது. நீங்கள் மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூன்று வாரம் தூங்காததே மருத்துவரைப் பார்க்கப் போதும். சாகலாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் அன்றைக்கே போங்கள். தூங்குவதற்காகக் குடிக்க மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

எல்லாவற்றையும் எல்லோரிடமும் கொட்டிவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். விபத்து முடிந்த கையோடு குழுவை உட்காரவைத்துப் பேசவைக்கும் வழக்கம் 1980களில் பரவியது. ஒரே ஒரு அமர்வில் அப்படிப் பேசவைப்பது பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிலருக்கு அது நிலைமையை மோசமாக்கியிருக்கவும் கூடும். எவ்வளவு பேசுவது, யாரிடம் பேசுவது என்பது உங்கள் விருப்பம். (வீட்டில் மறைப்பதாக நினைக்கிறீர்கள். இரண்டு மணிக்கு உங்கள் அறையில் விளக்கு எரிவதை யாரும் பார்த்திருக்க மாட்டார்களா என்ன?)

விலகுவதா என்பதைத் தூக்கம் திரும்பிய பிறகு யோசியுங்கள். அதுவரை சில வாரம் அழைப்புப் பட்டியலில் பெயர் வேண்டாம் என்று கேட்கலாம், அது விலகல் ஆகாது.

‘ஒரே ஒரு சாவு’ என்ற உங்கள் சொற்கள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. 20 வருடம் பார்த்தவருக்கும் முதல் வீடு என்று ஒன்று இருந்திருக்கும். ஆனால் நீங்கள் முதலில் போகவேண்டியது அவரிடம் அல்ல, அன்று உங்களோடு உள்ளே வந்தவரிடம். அவரும் ஏதோ ஒரு வாரைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கலாம். பெரிதாக எதுவும் பேச வேண்டாம். இருவருமாக ஹோஸைச் சுருட்டும்போது கேளுங்கள்: “அன்னைக்குக் கதவுகிட்ட உங்களுக்கு என்ன தெரிஞ்சுது அண்ணா?”