வெட்டின் வேகமும் காட்சியின் வேகமும்

வணக்கம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒரு ஷாட் பத்து விநாடியாவது நிற்கிறது. இன்று இரண்டு விநாடிக்குள் அடுத்த ஷாட் வந்துவிடுகிறது. பார்வையாளரின் பொறுமை குறைந்ததுதான் காரணமா? நான் ஒரு குறும்படம் எடிட் செய்துகொண்டிருக்கிறேன். வேகமாக வெட்டியும் படம் இழுக்கிறது என்கிறார்கள். ஷாட்டின் நீளத்தை எதை வைத்து முடிவு செய்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பொறுமை குறைந்துவிட்டது என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. வேகம் ஒரே சீராகக் கூடிக்கொண்டு வரவும் இல்லை. 1920களின் இறுதியில், மௌனப் படங்களிலேயே, ஹாலிவுட்டில் ஒரு ஷாட்டின் சராசரி 5 விநாடிக்கு அருகில் இருந்தது. சோவியத் படங்களில் இன்னும் குறைவு. பேசும்படம் வந்ததும்தான் வேகம் விழுந்தது. கேமராவின் இரைச்சல் மைக்கில் ஏறாமலிருக்க அதை மூடிய அறைக்குள் வைத்தார்கள். ஒலியை வெட்டி ஒட்டுவதோ பெரும்பாடு. 1930 முதல் 1960 வரை 8 முதல் 11 விநாடி என்பது ஹாலிவுட்டில் வழக்கமான சராசரி. நூற்றாண்டின் முடிவில் அது 3 முதல் 6 விநாடி ஆனது.

இதில் கருவிக்குப் பெரிய பங்கு உண்டு. 35 எம்எம் பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம், அதாவது 16 தனிப்படங்கள். 6 ஃப்ரேமைக் குறைத்தால் கையில் மிஞ்சுவது 11 சென்டிமீட்டர் துண்டு. அதைக் குறித்துத் தொங்கவிட வேண்டும். மீண்டும் தேவைப்பட்டால் தேடி எடுக்க வேண்டும். பிலிம் சிமெண்ட் என்ற பசை போட்டு ஒட்டிய காலத்தில், ஒட்டைப் பிரித்து மாற்றினால் ஃப்ரேமே போய்விடும். எனவே மூவியோலா என்ற எடிட்டிங் இயந்திரத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, மனம் உறுதியான பிறகே வெட்டினார்கள். பசைக்குப் பதிலாக டேப்பால் ஒட்டும் டேப் ஸ்ப்ளைசர் அந்த இழப்பை நிறுத்தியது. 1989இல் வந்த ஆவிட் என்ற கணினி எடிட்டிங் கருவி, வெட்டிப் பார்த்துப் பழையபடி வைப்பதை ஒரு விசைத் தட்டலாக்கியது.

படமெடுக்கும் முறையும் மாறியது. ஐந்து பேர் நிற்கும் வைட் ஷாட்டைப் படிக்க மூன்று நான்கு விநாடி ஆகும். க்ளோசப் முகத்துக்கு ஒரு விநாடி போதும். காட்சி முழுவதையும் க்ளோசப்பில் எடுத்துவந்தால், ஆள் மாறும்போதெல்லாம் வெட்டுவதைத் தவிர எடிட்டருக்கு வேறு வழியில்லை.

உங்கள் படத்துக்கு வருகிறேன். காட்சியின் நீளத்தை விநாடியில் எடுத்து ஷாட் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். சராசரி 2 விநாடியாக இருந்தும் காட்சி இழுக்கிறதென்றால், ஷாட் மாறுகிறது, விஷயம் மாறவில்லை என்று பொருள். ஒவ்வொரு ஷாட்டும் புதிதாக என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லாத ஷாட்டை எடுத்துவிடுங்கள். மீதி ஷாட்டுகள் நீண்டாலும் காட்சி விரைவாகத் தோன்றும். பெரும்பாலும் இழுப்பு இருப்பது காட்சியின் தொடக்கத்தில்தான்: கதவைத் திறப்பது, நடந்து வருவது, உட்காருவது. முதல் இரண்டு ஷாட்டை நீக்கி ஓட்டிப் பாருங்கள்.

வசனக் காட்சியில் பேசுபவர் முகத்துக்கே தாவிக்கொண்டிருக்காதீர்கள். கேட்பவர் முகத்தில் நில்லுங்கள். அடுத்தவரின் குரலை 8 முதல் 12 ஃப்ரேம் முன்னதாக விட்டு, பிறகு படத்தை மாற்றுங்கள். வெட்டு கண்ணில் படாது.

கண்ணின் பயணத்தையும் கணக்கில் எடுங்கள். புதிய இடத்துக்குத் திரும்பக் கண்ணுக்குச் சுமார் 0.2 விநாடி, அதாவது 24 ஃப்ரேம் வேகத்தில் 5 ஃப்ரேம் வேண்டும். ஒரு ஷாட் திரையின் இடப்பக்கம் முடிந்து, அடுத்தது வலப்பக்கம் தொடங்கினால் அந்த 5 ஃப்ரேம் வீண். 12 ஃப்ரேம் ஷாட்டில் அது கிட்டத்தட்டப் பாதி! 2015இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு' இரண்டு மணி நேரத்தில் 2,700 வெட்டுகளுக்கு மேல் போட்டும் குழப்பாததற்கு, பார்க்க வேண்டியதைச் சட்டகத்தின் நடுவில் வைத்தது முக்கியக் காரணம்.

சிறிய மானிட்டரில் வெட்டும்போது கண் நகர வேண்டியதில்லை. அதனால் கை தானாக வேகமெடுக்கும். ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் தன் மானிட்டரின் ஓரத்தில் காகிதத்தில் வெட்டிய குட்டி மனிதர்களை ஒட்டிவைத்தது, அரங்கின் அளவு மறக்காமலிருக்கத்தான். நீங்கள் ஒரு புரொஜெக்டரில் முழுப்படத்தையும் நடுவில் நிறுத்தாமல் ஒரு முறை ஓட்டுங்கள். எந்த வெட்டில் கண் தடுமாறுகிறதோ, அந்த இடத்தின் நேரத்தை மட்டும் குறித்துவைத்து, 3 ஃப்ரேம், 4 ஃப்ரேம் என்று கூட்டிப் பாருங்கள்.