கைதடிக்குப் போன அதிபர்

வணக்கம் ஐயா,

எங்கள் பள்ளிக்கூடத்து முன்னாள் அதிபருக்கு நீங்கள் எழுதிய அஞ்சலியை வாசித்தேன். அவரிடம் கணக்குப் படித்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு அவர் வடமாகாண சபைக்குப் போயிருக்கத் தேவையில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஐந்து வருடம் இருந்து ஒரு றோட்டுக்கூடப் போட்டுத் தரவில்லை என்று ஊரில் கதைக்கிறார்கள். நல்ல பெயரோடு வீட்டில் இருந்திருக்கலாமே?

ம., கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

றோட்டுக் கதை என் காதுக்கும் வந்தது. கேட்கிற நேரமெல்லாம் மனம் நோகும். 2013 செப்டெம்பர் 21இல் நாங்கள் வாக்குப் போட்டது நியதிச்சட்டம், அதாவது மாகாணத்துக்கான சட்டம், ஆக்கும் ஒரு பேரவைக்கு. 38 ஆசனங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கிடைத்தது. முதலமைச்சர் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர். இளைப்பாறியவர்களின் சபை என்று அப்போதே சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை.

ஒருநாள் கைதடியில், சபை மண்டபத்தின் பார்வையாளர் பகுதியில் இருந்தேன். வரைவுப் பிரதியை விரித்து வைத்து, சிவப்புப் பேனையோடு வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தார் சேர். உங்கள் விடைத்தாளைத் திருத்திய அதே குனிவு. தேநீர் நேரத்தில் வாங்கிப் பார்த்தேன். 'செய்யலாம்' என்று வந்த இடமெல்லாம் வட்டம். ஓரத்தில் 'செய்தல் வேண்டும்'. "லாம் எண்டு விட்டால் ஒருத்தரும் செய்யமாட்டினம்" என்றார். அன்று அவருடைய திருத்தங்களில் இரண்டு ஏற்கப்பட்டன. அந்த இரண்டும் எந்தப் பெயர்ப்பலகையிலும் வராது.

ஒரு நியதிச்சட்டம் பேரவையில் நிறைவேறினால் மட்டும் போதாது. ஆளுநர் சம்மதிக்க வேண்டும். அவர் திருப்பி அனுப்பலாம். மீண்டும் நிறைவேற்றினாலும், ஜனாதிபதி அதை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிக் கேட்பதற்காக ஒதுக்கிவைக்கலாம். நிதி சம்பந்தப்பட்டதென்றால் ஆளுநரின் விதப்புரை (பரிந்துரை) முன்கூட்டியே வேண்டும். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தமும் 1987இன் மாகாண சபைகள் சட்டமும் வைத்த ஏற்பாடு இது. சபை தொடங்கியபோது இருந்த ஆளுநரோ ஓய்வுபெற்ற படை அதிகாரி. இந்தப் பூட்டுகளைத் தெரிந்துகொண்டுதான் சேர் ஒவ்வொரு சொல்லாகத் திருத்தினார். பலன் வரவில்லை என்று அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

இன்னொன்று. குறிகட்டுவானில் குமுதினிப் படகுக்குக் காத்து நின்று நெடுந்தீவுக்குப் போவார். எந்த வகுப்புக்குக் கணித ஆசிரியர் இல்லை என்று கொப்பியில் எழுதி வருவார். இடமாற்றம் கேட்டு வருகிற ஆசிரியர்களிடம் அந்தக் கொப்பியைத்தான் விரித்துக் காட்டுவார். இதனால் அவருக்குச் சில வாக்குகள் போயிருக்கும்.

வீட்டில் இருந்திருக்கலாமே என்கிறீர்கள். 2018 ஒக்ரோபரில் சபையின் காலம் முடிந்தபின் இருந்தார்தானே. மாகாண சபைத் தொகுதிகளின் எல்லை மீள்நிர்ணய அறிக்கை அதே வருடம் ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தோற்றுப்போக, அடுத்த தேர்தல் கிடப்பில் விழுந்தது. எப்போது வைப்பார்கள் என்று சாகும்வரை என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வரைவுப் பிரதிகள் இப்போதும் அவர் வீட்டில் ஒரு மட்டைப்பெட்டிக்குள் கிடக்கின்றன. வீட்டாரிடம் கேட்டுவிட்டேன். லீவில் யாழ்ப்பாணம் வந்தால் சொல்லுங்கள், இரண்டு பேருமாகப் போய்ப் பார்ப்போம்.