ஏர்கோன் வேலைக்கு மகனை அனுப்பலாமா?

கேள்வி: ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு முடித்த என் மகன் ஏர்கோன் வேலை கற்கப் போகிறேன் என்கிறான். என் தம்பி வேன் வைத்து வீடு வீடாக சர்வீஸ் செய்கிறார், தன்னோடு வந்தாலே போதும் என்கிறார். இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் இருக்கிறதா? – வாசகி, பட்டர்வொர்த்

இருக்கிறது அக்கா. ஆனால் உங்கள் தம்பி இன்று செய்யும் வேலை இப்படியே நீடிக்காது.

2018-இல் அனைத்துலக எரிசக்தி முகமை போட்ட கணக்குப்படி உலகில் அப்போது சுமார் 160 கோடி ஏர்கோன்கள் ஓடின, 2050-இல் அது 560 கோடியாகலாம். ஆகவே வேலைக்குப் பஞ்சமில்லை, யாருக்கு வேலை என்பதுதான் விஷயம்.

முதலில் கேஸ், அதாவது ஏர்கோனுக்குள் சுற்றிக் குளிர்விக்கும் வாயு. பழைய ஆர்22 ஓசோனைக் கெடுப்பதால், மொன்ட்ரியல் உடன்படிக்கையின்படி நம்மைப் போன்ற நாடுகளில் 2030-க்குள் ஏறக்குறைய முற்றாக நிறுத்தப்படுகிறது. அதற்குப் பின் வந்த ஆர்410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமிலவாயுவைவிட 2,088 மடங்கு. இப்போது கடைகளில் இருக்கும் ஆர்32-க்கு அது 675, ஆனால் லேசாகத் தீப்பிடிக்கும். அடுத்து வருவது புரொப்பேன், சமையல் கேஸில் இருக்கிறதே அதேதான். இதையெல்லாம் அனுபவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தொட முடியாது.

இன்னொன்று, வருஷா வருஷம் 'கேஸ் குறைஞ்சிருச்சு' என்று ஏற்றிக் காசு வாங்கும் பழக்கம். ஏர்கோன் கேஸைத் தின்பதில்லை, மூடிய குழாய்க்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது, அதைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் வேலை. வாடிக்கையாளர்களுக்கும் இது தெரிய ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் இன்வெர்ட்டர், அதாவது தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் புது வகை மெஷின். பழைய மெஷினில் கெப்பாசிட்டரை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இப்போது வெளியே இருக்கும் யூனிட்டைத் திறந்தால் ஒரு சர்க்யூட் போர்டு, அதன் மேல் கருகிக் கிடக்கும் பல்லி! தஞ்சோங் தோக்கோங் மாதிரி கடலோரமென்றால் உப்புக் காற்று காயிலின் அலுமினியத் தகட்டை அரித்திருக்கும். மீட்டரைப் பிடித்து போர்டு போனதா, சென்சர் போனதா என்று சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் இனி கூலி.

நல்ல சம்பளம் வீடுகளில் இல்லை என்பது என் கருத்து. பினாங்குப் பாலத்தைத் தாண்டினால் பாயான் லெப்பாஸ், அந்தச் சிப் தொழிற்சாலைகளின் சுத்த அறைகளில் வெப்பமும் ஈரப்பதமும் ராப்பகலாக ஒரே அளவில் நிற்க வேண்டும், சில்லர் (கட்டடம் முழுவதற்கும் குளிர்நீர் தரும் பெரிய மெஷின்) நின்றால் உற்பத்தியே நின்றுவிடும். ஜோகூர், சைபர்ஜெயா டேட்டா சென்டர்களும் அப்படித்தான். சூடாக்கும் பக்கம் நம் ஊரில் ஹோட்டல் வெந்நீருக்கான ஹீட் பம்ப்பைத் தவிர பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் அதுவும் ஏர்கோனின் அதே தத்துவம், தனியாகக் கற்க வேண்டியதில்லை.

சரி, என்ன செய்யலாம்? கியாட்மாரா, ஐஎல்பி போன்ற அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கட்டும், மூன்றாம் நிலை வரை போவது நல்லது. கேஸைக் கையாள சுற்றுச்சூழல் துறையின் சான்றிதழும் தேவை. விடுமுறையில் மாமாவோடு போகட்டும், கை பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் புதிய யூனிட் பொருத்தும்போது கேஸைத் திறந்துவிடுவதற்கு முன் மாமா வேக்கும் பம்ப் போட்டுக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுக்கிறாரா என்று பார்த்து வரச் சொல்லுங்கள். கொஞ்சம் கேஸை ஊதிவிட்டு மூடுகிற ஆளாக இருந்தால், அவரிடம் வேன் ஓட்ட மட்டும் கற்றுக்கொள்ளட்டும்.