கட்டையும் கணக்கும்: ஒரு கேள்வி பதில்

கும்பகோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 31 வருடம் அங்கன்வாடியில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகள், கட்டை விளையாட்டு, எண்ணிக்கை பற்றிக் கேளுங்கள். மூன்று வயதில் எண்களை எழுத வைப்பது எப்படி என்று மட்டும் கேட்க வேண்டாம்.

மன்னார்குடியிலிருந்து ஓர் அம்மா: பையனுக்கு இரண்டே முக்கால் வயது. இருபது வரை கடகடவென்று சொல்கிறான். "மூணு கட்டை குடு" என்றால் கை நிறைய அள்ளித் தருகிறான். கவனம் இல்லையா டீச்சர்?

கவனமெல்லாம் இருக்கிறதும்மா. இருபது வரை அவன் சொல்வது ஒரு பாட்டு. நிலா நிலா ஓடி வா மாதிரி. ஒவ்வொரு சொல்லும் ஓர் அளவைக் குறிக்கிறது என்பது இன்னும் பிடிபடவில்லை. கரேன் வின் என்ற ஆய்வாளர் 1990 வாக்கில் பிள்ளைகளிடம் இதே போல "இத்தனை கொடு" என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். முதலில் "ஒன்று" மட்டும் சரியாக வரும், மற்றதற்கெல்லாம் ஒரு கை அள்ளல்தான். சில மாதம் கழித்து "இரண்டு". இன்னும் சில மாதம் கழித்து "மூன்று". அதற்கப்புறம்தான், எண்ணும்போது கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம் என்ற விஷயம் உறைக்கும். பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதில். அங்கன்வாடியில் நான் பார்த்ததும் இதே வரிசைதான்.

ஒன்று செய்யுங்கள். இருபதை விட்டுவிட்டு மூன்றுக்குள் நில்லுங்கள். இரண்டு கட்டையை வைத்து, எண்ணாமலே "ரெண்டு கட்டை" என்று சொல்லுங்கள். இரண்டு மூன்று பொருள் என்றால் எண்ணாமல் பார்த்தவுடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும், பிள்ளைக்கும் அப்படித்தான். பிறகு தொட்டுத் தொட்டு எண்ணி, "ஒண்ணு, ரெண்டு. ரெண்டு கட்டை" என்று முடியுங்கள். எண்ணி முடித்ததும் "எத்தனை?" என்று கேட்டால் அவன் மறுபடி முதலிலிருந்து எண்ணுவான். திட்டாதீர்கள். நீங்கள் எண்ணச் சொல்வதாகத்தான் அவன் நினைக்கிறான்.

திருத்துறைப்பூண்டி: கட்டை வாங்க வசதியில்லை. புளியங்கொட்டை, சோழி வைத்து எண்ணச் சொல்லலாமா?

மூன்று வயதுக்குள் கூடவே கூடாது. பல்லாங்குழி நம் சொத்துதான், எனக்கும் உயிர். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை எண்ணுவதற்கு முன் வாயில் போட்டுப் பார்க்கும். பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுசாக அடங்குகிற எதையும் மூன்று வயதுக்குட்பட்டவர்களிடம் கொடுக்கக் கூடாது என்பது விதி. கொட்டாங்குச்சி கொடுங்கள், நன்றாகத் தேய்த்தது. அடுக்கலாம், கவிழ்க்கலாம், எண்ணலாம்.

தஞ்சாவூர், ஓர் அப்பா: எந்தக் கட்டை வாங்குவது?

தச்சுப் பட்டறை பக்கத்தில் இருந்தால் வாங்காதீர்கள், அறுத்து வாங்குங்கள் தம்பி. பூவரசு போதும். ஒரு கட்டை 14 சென்டிமீட்டர் நீளம், 7 அகலம், 3.5 தடிமன். இது நூறு வருடத்துக்கும் முன்னால் நியூயார்க்கில் கரோலின் பிராட் என்ற ஆசிரியை வகுத்த அளவையொட்டியது. சூட்சுமம் 4:2:1 விகிதத்தில் இருக்கிறது. இதில் பாதி நீளத்தில் சில, இரட்டை நீளத்தில் சில அறுத்துக்கொள்ளுங்கள். பாலம் கட்டும்போது நீளக் கட்டை தீர்ந்துபோகும். பிள்ளை இரண்டு குட்டையைச் சேர்த்து வைத்து, "சரியா இருக்கு" என்று தானே கண்டுபிடிக்கும். பாதியும் இரட்டிப்பும் அங்கேதான் தொடங்குகின்றன. விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள், பெயின்ட் வேண்டாம். கடையில் வாங்குவதானால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள், 2021 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

திருவாரூர் பக்கம், ஒரு தாத்தா: பேத்திக்கு மூன்று வயது. நான் களத்தில் மரக்காலால் நெல் அளந்தவன். முதல் மரக்காலை "லாபம்" என்போம், அப்புறம்தான் ரெண்டு, மூணு. பேத்தியும் கட்டையை "லாபம், ரெண்டு, மூணு" என்று அடுக்குகிறாள். மருமகள் கோபிக்கிறாள். தப்பா?

தப்பே இல்லை அய்யா. படித்ததும் எனக்கு எங்கள் வீட்டுக் களம் ஞாபகம் வந்துவிட்டது. கெல்மன், காலிஸ்டல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இல் எண்ணுவதற்கு ஐந்து நெறிகள் சொன்னார்கள். அதில் ஒன்று, சொற்களின் வரிசை மாறாமல் இருக்க வேண்டும் என்பது. என்ன சொல் என்பது முக்கியமில்லை. நாளைக்கும் "லாபம்" முதலில் வந்தால் அவள் ஒழுங்காகத்தான் எண்ணுகிறாள்.

பாபநாசம், கணக்கு வாத்தியார்: டீச்சர் சொல்வதை ஏற்க முடியாது. தமிழில் பதினொன்று என்றாலே பத்தும் ஒன்றும் காதில் விழும், அது நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த வரம். தொண்ணூறுக்குள் நூறு ஒளிந்திருப்பது போன்ற குழப்பங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இன்னொன்று எதற்கு?

மூன்று வயதுப் பிள்ளை தொண்ணூறில் தடுக்கி விழப் போவதில்லை சார்.

நாகப்பட்டினம், ஓர் அம்மா: எங்கள் அப்பாவும் "லாபம்" என்றுதான் அளப்பார். நான் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன்!

பாபநாசம், மறுபடியும்: விதிவிலக்கை விதியாக்காதீர்கள். இப்போது மரக்கால் எங்கே இருக்கிறது? அறுவடை இயந்திரம், மூட்டை, கொள்முதல் நிலையத்துத் தராசு. தாத்தாவைத் தவிர வேறு யார் வாயிலும் அந்தக் குழந்தை "லாபம்" கேட்கப் போவதில்லை. "ஒரு கட்டை குடு" என்றால் அவளுக்குப் புரியுமா?

இந்தக் கடைசிக் கேள்வி நியாயமானது. முந்தைய பதிலில் இதை நான் யோசிக்கவில்லை. எண்ணும்போது மட்டும் "லாபம்" கேட்டு, "ஒண்ணு" என்ற சொல்லோடு அது ஒட்டாமல் போக வாய்ப்புண்டு. அதனால் தாத்தா, அளக்கிற விளையாட்டில் "லாபம்" சொல்லுங்கள், படியில் மணலை அள்ளி அளக்கச் சொல்லுங்கள். கட்டையை நீட்டும்போது "இந்தா, ஒண்ணு" என்று கொடுங்கள். அப்பாவை ஒரு சொல்லாலும் தாத்தாவை ஒரு சொல்லாலும் கூப்பிடத் தெரிந்த பிள்ளைக்கு இது பாரமில்லை. மருமகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வாத்தியாரிடமும்.

திருவாரூர் தாத்தா பதில்: பேத்தியிடம் "ஒண்ணு குடு" என்று கேட்டுப் பார்த்தேன். கொடுத்துவிட்டு "லாபம்" என்றாள்.

அப்படியென்றால் இரண்டும் ஒட்டிவிட்டது. வாத்தியார் சார், பார்த்தீர்களா?

மயிலாடுதுறை: மகள் ஐம்பது வரை சொல்கிறாள், நாலு கட்டை கேட்டால்...

முதல் பதிலைப் படியுங்கள்.

வேதாரண்யம்: ஐந்து கட்டையைத் தள்ளித் தள்ளி வைத்தால் "நிறைய" என்கிறான், நாலு வயது.

பியாஜே என்ற உளவியலாளர் பல பிள்ளைகளிடம் பார்த்தது இதைத்தான். அந்த வயதில் நீளத்தைப் பார்த்து ஏமாறுவார்கள், இயல்பு.

கும்பகோணம்: கோலிக்குண்டு?

புளியங்கொட்டைக்குச் சொன்னதுதான்.

பட்டுக்கோட்டை: இரண்டரை வயது. எண் இருக்கட்டும், இன்னும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை.

இதைக் கட்டையால் பார்க்கக் கூடாதும்மா. முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, விசாரியுங்கள். "ஆம்பளைப் பிள்ளை லேட்டாப் பேசும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மன்னார்குடி: கட்டவே மாட்டேன் என்கிறான், நான் கட்டியதைத் தள்ளி விடுகிறான்.

தள்ளட்டும். தள்ளுவதற்கு முன்னால் "எத்தனை கட்டை விழப்போகுது?" என்று மட்டும் கேளுங்கள்.

கும்பகோணம்: வறுத்த புளியங்கொட்டை?

கூடாது. அடுப்பில் பால் இருக்கிறது, நான் போகிறேன்.