கம்மலை அடகு வைக்க வேண்டாம்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருப் பையன் ஒருவன், வயது 16. இரண்டு பெரிய பையன்களோடு சேர்ந்து செல்போன் பறித்தான் என்று கடலூரில் பிடித்து, கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். ஜாமீனுக்கு இருபதாயிரம் ஆகும் என்கிறார் ஒருவர். அவன் அம்மா கம்மலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். என்ன செய்யலாம்?

க., நெல்லிக்குப்பம்

அன்புள்ள க.,

அந்த அம்மாவைத் தடுத்து நிறுத்துங்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100க்குப் போன் செய்யுங்கள். அல்லது கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். அப்படி வரும் வக்கீல் பணம் கேட்டால், அங்கேயே புகார் செய்யலாம்.

அடுத்தது வயது. ஆதாரை நீட்டினால் போதாது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால்தான் நகராட்சிப் பிறப்புச் சான்று. டி.சி. செல்லாது என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே தலைமை ஆசிரியரிடம் பிறந்த தேதிச் சான்று என்றே கேட்டு வாங்குங்கள். கூடப் பிடிபட்டவர்கள் பெரியவர்கள் என்பதால் எஃப்.ஐ.ஆர். இருக்கும். ஆனாலும் இவன் விசாரணை தனியாக, 18 வயது நிரம்பாதவர்களின் வழக்கைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில்தான் நடக்க வேண்டும்.

2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் ஜாமீன் தருவதுதான் விதி. மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். இப்படிப்பட்ட வழக்குகளில் எழுதப்படக்கூடிய காரணம், 'வெளியே விட்டால் அதே கூட்டாளிகளிடம் போவான்' என்பது. அதற்கு வக்கீல் வாதம் மட்டும் போதாது. பையன் யார் வீட்டில் தங்குவான், திங்கட்கிழமை எங்கே போவான் என்று சொல்ல வேண்டும். நெய்வேலியில் மாமா இருந்தால் அவரை நேரில் கூட்டிப் போங்கள். ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை ஏழு நாளில் நிறைவேற்ற முடியவில்லை என்றால், குழுமம் அதை மாற்றியமைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பையனின் வீடு, பள்ளி, சூழல் பற்றி நன்னடத்தை அலுவலர் விசாரித்துக் குழுமத்துக்குத் தரும் சமூக விசாரணை அறிக்கை. இரண்டு வாரத்துக்குள் தர வேண்டியது. மானம் போகும் என்று வீட்டார் எதையாவது மறைப்பது இங்கேதான். 'பள்ளிக்கு ஒழுங்காகப் போவதில்லை' என்று ஒரு வரி மட்டும் விழுந்தால் அது பையனுக்கு எதிராக நிற்கும். 'விடியற்காலை துறைமுகத்தில் ஐஸ் உடைக்கப் போகிறான், ஒன்பது மணிக்குத்தான் திரும்புகிறான்' என்றும் சேர்ந்தால், அதே வரி உதவி தேவைப்படும் பிள்ளையைக் காட்டும். போதைப் பழக்கம் இருந்தாலும் சொல்லுங்கள். ஆலோசனை, சிகிச்சை, பள்ளியில் மறுசேர்க்கை, தொழிற்பயிற்சி எல்லாம் இந்த அறிக்கையை வைத்துத்தான் வரும். அறிக்கை போகுமுன் வக்கீலும் அலுவலரும் ஒருமுறை பேசிக்கொள்ளச் செய்யுங்கள். பல வழக்குகளில் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

இன்னொன்று. 'செய்தேன்னு சொல்லிடு, சீக்கிரம் வீட்டுக்கு வந்துடலாம்' என்று அவன் அம்மாவே சொல்லக்கூடும். வக்கீலிடம் தனியாகப் பேசாமல் பையன் குழுமத்தில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்திலிருந்து அவன் பெயரையும் தெருப் பெயரையும் எடுத்துவிட்டேன். சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி அவற்றை வெளியிடுவது குற்றம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவன் போட்டோ ஓடிக்கொண்டிருந்தால், இன்றைக்கே நீக்கச் சொல்லுங்கள்.