பூதமா, நடையா?

கேள்வி: ஃபெங் சுயி முறைப்படி வீட்டில் ஐம்பூதங்களைப் பருவத்துக்குப் பருவம் எப்படிச் சமன்செய்வது? கோடைக்கு வரவேற்பறையில் மின்சார நீரூற்று ஒன்றை வைக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா? (வாசகி ஒருவர், மயூர் விகார், தில்லி)

பதில்: நீரூற்றுக்குப் பிறகு வருகிறேன். முதலில் ‘ஐம்பூதம்’ என்ற சொல். இதே பக்கத்தில் இதற்காக முன்பும் வாதாடியிருக்கிறேன். கோபித்துக்கொண்ட வாசகர்களும் உண்டு. நம் ஐம்பூதம் நிலம், நீர், தீ, வளி, விசும்பு. ஃபெங் சுயி சீனரின் வீட்டமைப்பு முறை; அவர்களின் ஐந்து மரம், தீ, மண், உலோகம், நீர். அவர்கள் வரிசையில் காற்றும் வானும் இல்லை; நம் வரிசையில் மரமும் உலோகமும் இல்லை. அந்த ஐந்தை அவர்கள் ‘வூ சிங்’ என்கிறார்கள். ‘சிங்’ என்பதற்கு நடத்தல், செல்லுதல் என்று பொருள். ஆகவே அவை வீட்டில் வாங்கி அடுக்கும் ஐந்து பொருள்கள் அல்ல, ஆண்டு நடந்து செல்லும் ஐந்து நடைகள். மரம் வசந்தம், தீ கோடை, உலோகம் இலையுதிர்காலம், நீர் குளிர்காலம். மண்ணுக்கு ஒவ்வொரு பருவத்தின் கடைசி 18 நாள்களை ஒதுக்கும் பழங்கணக்கு ஒன்று உண்டு. அதன்படி ஐந்துக்கும் தலா 72 நாள்கள். ஐந்தும் எந்நாளும் சரிசமமாக நிற்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு அக்கணக்கில் இடமே இல்லை. ஒவ்வொன்றும் தன் நாளில் ஓங்கி, அடுத்ததற்கு வழிவிட வேண்டும்.

இக்கணக்கு சீன மண்ணின் பருவங்களைப் பார்த்து எழுந்தது. அங்கே குளிர்காலக் காற்று வடக்கிலிருந்து வீசுகிறது. அதனால் வீடுகள் தெற்கு நோக்கின. தில்லிக்கும் தெற்கு நல்லதே: டிசம்பர் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ 38 பாகை உயரத்திலேயே நிற்பதால் தெற்குச் சன்னல் வழியே வெயில் அறைக்குள் நெடுந்தொலைவு வரும்; ஜூனில் அது உச்சிக்கு அருகே, 85 பாகையில் நிற்பதால், சன்னலுக்கு மேல் சிறிய தாழ்வாரம் இருந்தாலே வெயில் தடைபட்டுவிடும். மேற்கில்தான் கணக்கு மாறுகிறது. சீனருக்கு மேற்கு உலோகத்தின் திசை, இலையுதிர்காலத்தின் திசை. நமக்கோ மே, ஜூன் மாதங்களில் லூ என்னும் அனற்காற்று வரும் திசை. தென்றலுக்குத் தெற்கையும் வாடைக்கு வடக்கையும் அறிந்திருந்த நம்மவர்கள் தில்லிக்கு வந்து முப்பதாண்டுகள் ஆன பின்னும் மேற்குச் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு, தீயை அடக்கப் பொம்மைகள் வாங்குவதைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நீர் தீயை அடக்கும் என்பது சீன விதி, அதில் பிழையில்லை. ஆனால் வறண்ட காற்று ஈரத்தின் ஊடே கடந்தால்தான் அறை குளிரும். ‘ஃபெங்’ என்றால் காற்று, ‘சுயி’ என்றால் நீர். மே மாதத்தில் அவ்விரண்டையும் சேர்த்து வேலை செய்வது மேற்குச் சன்னலில் நனைத்துத் தொங்கவிட்ட வெட்டிவேர்த் தட்டியும், உங்கள் வீட்டுக் கூலரும். மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறிய பின் கூலரும் குளிர்விக்காது. நீரூற்று புழுக்கத்தையே கூட்டும். அப்போது நீருக்கு விடைகொடுங்கள். கூலர் தொட்டியை வாரம் ஒருமுறை வடித்து, தேய்த்து, உலர்த்தாவிட்டால் டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும்.

குளிர்காலத்தில் தீயைச் சேர்க்கச் சொல்வார்கள். நண்பகலில் தெற்குத் திரையை விலக்கி வெயிலை உள்ளே விடுங்கள், மாலையில் மூடுங்கள். மூடிய அறையில் அங்கீட்டி என்னும் கரிக் கணப்படுப்பு மட்டும் வேண்டாம். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். நீரூற்றுக்கு எடுத்துவைத்த பணத்தில் மேற்குச் சன்னலுக்குத் தட்டி வாங்குங்கள், ஏப்ரல் முடிவதற்குள்.