சிக்னலில் நின்றால் உதறும் கார்: இன்ஜெக்டரைக் கழற்றும் முன்

கேள்வி: என்னுடையது 2017 மாடல் பெட்ரோல் கார். நான்கு சிலிண்டர், 72,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் காட்பாடியிலிருந்து பாகாயம் போய் வருகிறேன். கிரீன் சர்க்கிளில் நின்றால் ஸ்டீயரிங் வரைக்கும் உதறுகிறது, ஏசி போட்டால் இன்னும் மோசம். செக் எஞ்சின் லைட் எரிகிறது. ரயில்வே மேம்பாலம் ஏறும்போது சில சமயம் விட்டு விட்டு மின்னுகிறது. நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
- வாசகர், காட்பாடி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சந்தேகப்பட வேண்டிய வரிசையில், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கடைசி ஆள்.

முதலில் அந்த லைட். நிலையாக எரிந்தால் நிதானமாகப் பார்க்கலாம். மின்னினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் சைலன்சர் பக்கம் போகிறது என்று பொருள். அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே தேனடை போலிருக்கும் பீங்கானை உருக்கிவிடும். கன்வெர்ட்டர் விலைக்கு முன்னால், தீப்பொறி தரும் பிளக்கும் அதற்குக் கரண்ட் கொடுக்கும் காயிலும் சில்லறைக் காசு. மின்னும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்துங்கள். சரிசெய்யும் வரை சென்னை, பெங்களூரு என்று ஹைவேஸில் கிளம்பாதீர்கள்.

உங்கள் எஞ்சின் 750 ஆர்பிஎம்மில் நிற்கும்போது நொடிக்கு 25 முறை எரிய வேண்டும். ஒரு சிலிண்டர் செத்தால் நொடிக்கு ஆறு முறை இடறும். ஸ்டீயரிங்கில் கைக்குத் தெரிவது அந்த இடறல்தான். வேகம் பிடித்ததும் இடறல்கள் நெருங்கி வருவதால் கைக்குத் தெரியாது. ஏசி கம்ப்ரஸர் இழுக்கும்போது நொண்டுகிற எஞ்சின் மேலும் திணறும்.

எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பி0301 முதல் பி0304 வரை ஏதாவது வந்தால், கடைசி இலக்கம்தான் மிஸ் ஆகும் (பெட்ரோல் எரியத் தவறும்) சிலிண்டர். பி0302 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, 2-ஆம் சிலிண்டர் காயிலை 3-க்கும், 3-இல் இருப்பதை 2-க்கும் மாற்றிப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஒரே ஒரு 10 எம்எம் போல்ட்தான். கோளாறு எண்ணை ஸ்கேனரில் அழித்துவிட்டுப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். பி0303 வந்தால் காயில் போச்சு. அது ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். பி0302-வே திரும்ப வந்தால் பிளக்குகளை அதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால்தான் இன்ஜெக்டர், அதன் வயரிங், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பக்கம் போக வேண்டும்.

காயிலை உருவியதும் பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வு கவர் சீல் கசிகிறது. காயிலின் ரப்பர் ஊறி, கரண்ட் பக்கவாட்டில் தாவும். துரு அல்லது ஈரம் இருந்தால் வாட்டர் சர்வீஸில் பானெட்டைத் திறந்து பிரஷரில் அடித்திருப்பார்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சில் கோடு போல மெல்லிய கருப்புத் தடம் தெரிந்தால், கரண்ட் தாவிய வழி அதுதான். அந்தப் பிளக்கையும் ரப்பரையும் சேர்த்தே மாற்றுங்கள். சாதாரண நிக்கல் பிளக் என்றால் 72,000 கி.மீ.க்கு எப்போதோ மாற்றியிருக்க வேண்டும். வாஷர் உள்ள புதுப் பிளக்கைக் கையால் இறுகும்வரை திருகி, பிறகு ரெஞ்சில் அரைச் சுற்று மட்டும். அதற்கு மேல் முறுக்கினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும்.

கோளாறு எண் பி0300 என்று பொதுவாக வந்தால், அல்லது எண்ணே வராமல் உதறினால், காற்றுப் பக்கம் பாருங்கள். டிராஃபிக்கில் நின்று நின்று ஓடும் வண்டியில், எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டின் விளிம்பில் கருப்பு வளையமாகக் கரி படியும். இக்னிஷனை அணைத்து, த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். தகட்டை விரலால் தள்ளாதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும். துடைத்த பிறகு ஐடிலிங் ஏறி நின்றால் பயப்பட வேண்டாம். ஸ்கேனரில் த்ராட்டில் ரீலேர்ன் (தகட்டின் நிலையைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி பழக்குவது) செய்தால் இறங்கும். இதைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்துவிட்டு 'போகப் போகச் சரியாகும்' என்பது அரைகுறை வேலை.

அடுத்து ஹோஸ்கள். நம் வேலூர் வெயிலில் எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இழுக்கும் பிசிவி ஹோஸும், பிரேக் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டர் ஹோஸும் விறைத்து, வளைவில் கீறல் விடும். எலி கடித்ததும் உண்டு. இன்ஜெக்டர் வயரையும் சேர்த்துத் தடவிப் பாருங்கள். காற்று அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் ஃபியூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும் சதவீதம்; ஸ்கேனரில் தெரியும்) காட்டிக்கொடுக்கும்: ஐடிலிங்கில் +18, 2,500 ஆர்பிஎம்மில் +4 என்றால் காற்றுக் கசிவு. காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வண்டியில் ட்ரிம் அவ்வளவாக மாறாது, ஐடிலிங்தான் உயர்ந்து, அதற்கான பி0507 வரும். கிளீனரைச் சூடான எஞ்சின் மேல் அடித்துக் கசிவு தேடும் பழக்கம் தீ விபத்தில் முடியும். ஸ்மோக் டெஸ்ட் (உள்ளே புகை விட்டு, எங்கே கசிகிறது என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள்.

ட்ரிம் பார்க்கும்போது இரண்டு விஷயம். மிஸ் ஆகும் சிலிண்டர் எரியாத ஆக்சிஜனையும் வெளியே தள்ளும். சைலன்சர் பக்கமுள்ள ஆக்சிஜன் சென்சார் அதைப் பெட்ரோல் குறைவு என்று தப்பாகப் படிக்கும். அதனால் மிஸ்ஸிங்கைச் சரிசெய்த பிறகே ட்ரிம்மை நம்புங்கள். மற்றது, 10 சதவீத எத்தனாலுக்குச் செய்த வண்டியில் 20 சதவீதப் பெட்ரோல் போட்டால் ட்ரிம் 4 அளவுக்குக் கூடுதலாகவே காட்டும். அது கோளாறு கிடையாது.

பெட்ரோல் போட்டுக் கிளம்பும்போது மட்டும் திணறினால், டேங்க் ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வைச் சந்தேகப்படுங்கள். மிஸ்ஸிங்கே இல்லாமல், ஆட்டோமேட்டிக் வண்டி டி அல்லது ஆர் கியரில் மட்டும் அதிர்ந்தால், எஞ்சினைத் தாங்கும் எஞ்சின் மவுண்டை.

இவை எல்லாம் பார்த்தும் அதே சிலிண்டர் மிஸ் ஆனால் கம்ப்ரஷன் பாருங்கள். மற்ற மூன்றோடு அது ஒத்துப்போனால், நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி ஃப்ளோ டெஸ்ட் மெஷினில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கிளீனிங் செய்தும் எது குறைவாக ஊற்றுகிறதோ அதை மட்டும், புது ஓ-ரிங்குடன் மாற்றுங்கள்.